மணிக்கட்டைவிடப் பெரிய மணிக்கூடுகள்

பழைய கைமணிக்கூடு விற்பது என்பது, "இது சின்னப்பிள்ளையளுக்கோ?" என்ற கேள்விக்குப் பல்லைக் காட்டிப் பதில் சொல்லிக்கொண்டே வயது போகிற தொழில்.

என் கடை திருகோணமலையில், துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற தெருவில் இருக்கிறது. கடை என்றால் பாதிக் கடை. மற்றப் பாதியில் கிண்ணியா நசீர் நானா போன் திருத்துகிறார். நான் சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடுகளை வாங்கி, துப்புரவாக்கி, ஓட வைத்து விற்கிறேன். எல்லாம் முப்பத்துநாலு, முப்பத்தாறு மில்லிமீற்றர் அகலம். ஒரு காலத்தில் பெரிய உத்தியோகத்தர்கள் பெருமையோடு கட்டியவை. இப்போது வருகிறவர்களுக்கு நாற்பத்தாறுக்குக் கீழே இறங்கினால் மானம் போகிறது. சப்பாத்துக் கடையில் யாரும் தன் காலைவிட இரண்டு அளவு பெரிசு கேட்பதில்லை. மணிக்கூட்டுக் கடையில் கேட்பார்கள். உடுப்பு, மோதிரம், மூக்குக் கண்ணாடி என்று ஆளுக்கு அளவு பார்த்து விற்கிற என் சக பாவிகளுக்கு இந்த வலி விளங்கும்.

கிளினிக்கில்

வெளிநாட்டில் இருக்கிற என் அத்தான், அக்காவின் மனிசன், லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு மணிக்கூடு கொண்டுவந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அதன் முகத்துக்குள் நாலு குட்டி முகங்கள்; எதிலும் மணி பார்க்க ஏலாது. என் கையோ முருங்கைக்காய். கட்டியபோது, பட்டியைப் பிடிக்கிற கால்கள் இரண்டு பக்கமும் கையைத் தாண்டி வெளியே நின்றன. வேறு யாராவது அப்படிக் கட்டிக்கொண்டு வந்தால், "இது உங்கட கைக்கு இல்லை, கழட்டுங்கோ" என்று சொல்லியிருப்பேன். ஆனால் அக்கா எதிரே நின்று கண்வெட்டாமல் பார்த்தா. "நல்ல வடிவா இருக்கு அத்தான்" என்றேன். அவர்கள் நின்ற நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அந்தக் கிழமைதான் எனக்குப் பிரஷர் கிளினிக். அக்காவும் துணைக்கு வந்தா. என்னைக் கதிரையில் இருத்தி, கையை மேசையில் வைக்கச் சொன்ன நேர்ஸ் பிள்ளை என் மணிக்கட்டைப் பார்த்தா, பிறகு என் முகத்தைப் பார்த்தா. "ஐயா, வீட்டில பிரஷர் பாக்கிற மிசினைக் கழட்டி வையுங்கோ. நாங்கள் எங்கட மிசினாலதான் பாக்கிறது."

யாருடைய மணிக்கூடு

குறிஞ்சாக்கேணியில் இருந்து ஒரு நெல் வியாபாரி வந்தார். வெள்ளை முகத்தில் கறுப்பு இலக்கங்கள் போட்ட முப்பத்துநாலு மில்லிமீற்றர் மணிக்கூடு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சுடுகிற தேத்தண்ணிக் கோப்பையை வைப்பதுபோல் கீழே வைத்தார். "இது பொம்பிளையள்ர. ஆம்பிளையள் கட்டுறது ஒண்டு காட்டுங்க" என்றார். இது ஆண்களுக்கென்றே செய்தது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. போய்விட்டார்.

அடுத்த கிழமை மனைவியோடு வந்தார். அவ ஒரு ரீச்சர். சோதனை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது, தன்னுடைய குண்டுமணி அளவு மணிக்கூட்டில் முள்ளே தெரிவதில்லை என்று சொன்னா. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருதரம் பார்த்துவிட்டு, நேரே அதே மணிக்கூட்டைக் கேட்டா. கட்டினா. கால்கள் இரண்டும் கைக்குள் அடங்கின. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. இவர் குறுக்கே விழுந்தார். "அது ஆம்பிளையள்ர. நீங்க பொம்பிளையள்ரயப் பாருங்க" என்றார். போன கிழமை அவர் சொன்னதை நான் மெல்ல எடுத்துவிட்டேன். நசீர் நானா சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். ரீச்சர் மணிக்கூட்டைக் கழட்டவே இல்லை. புருசனைப் பார்த்துக் கேட்டா: "ஒங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல எண்டா இது ஜின்னு பிசாசுக்கா?"

அரை மில்லிமீற்றர்

சின்ன மணிக்கூட்டை விரும்பி வருகிறவர்கள் எல்லாரும் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பாலையூற்றுத் தம்பி ஒருவன் வந்தான். தன் கைக்கு முப்பத்தாறுதான் சரி என்று இன்ரநெற்றில் பார்த்து முடிவு கட்டியிருந்தான். ஒன்றைக் கட்டிவிட்டேன். அச்சொட்டாக இருந்தது. அவனுக்கு முகம் மலர்ந்தது. கையை மடக்கினான், நீட்டினான், படம் எடுத்தான். பிறகு பைக்குள் இருந்து ஒரு அளவுகருவியை எடுத்து மணிக்கூட்டைக் கவ்விப் பிடித்தான். முப்பத்தைந்தரை காட்டியது. பழைய சாமான், யாரோ பொலிஷ் பண்ணியதில் தேய்ந்திருக்கும் என்றேன். மெல்லக் கழட்டி என்னிடம் நீட்டினான். "கையில நல்லா இருக்குது அண்ணை. ஆனா அளவு பிழைக்குது."

மூன்றாவது முடிச்சு

என் கூட்டாளியின் மகள் சுகந்திக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு மணிக்கூடு எடுக்கப் பெரியப்பாவோடு கடைக்கு வந்தாள். மாப்பிள்ளை மெலிந்த ஆள் என்று சொல்லி, முப்பத்தாறில் ஒன்றைத் தெரிவுசெய்தாள். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இது வீடியோவில விழாது பிள்ளை. நாங்கள் போட்டது எண்டு சபைக்குத் தெரிய வேணும்" என்று, வேறு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்துக்குப் பக்கம் பொத்தான் வைத்த பெரிய ஒன்றை வாங்கினார்.

கலியாணத்துக்கு நானும் போனேன். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டார். மூன்றாவதில் மணிக்கூட்டுப் பொத்தான் சுகந்தியின் பின்னலுக்குள் சிக்கிக்கொண்டது. கையை இழுத்தார், அவளின் தலையும் கூடவே வந்தது. எறிகிற அட்சதை முடிந்துவிட்டது. மேளகாரர் நிறுத்தவும் ஏலாமல் அடிக்கவும் ஏலாமல் அடிக்கிறார். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, "சகுனம் பிழைக்குது" என்று தொடங்கிவிட்டா. முன்வரிசையில் இருந்த என் கூட்டாளிக்கு முகம் வெளிறிப் போனது. மாப்பிள்ளையின் தங்கச்சி கெட்டிக்காரி; மணிக்கூட்டுப் பட்டியைக் கழட்டித் தமையனின் கையை விடுவித்தாள். மூன்றாவது முடிச்சும் விழுந்தது. பெரியப்பா ஆசைப்பட்டது போலவே மணிக்கூடு வீடியோவில் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது, பொம்பிளையின் பின்னலில் தொங்கிக்கொண்டு.

ஒரு மாதம் போக, சுகந்தி புருசனோடு கடைக்கு வந்தாள். முதலில் தெரிவுசெய்த அதே முப்பத்தாறை எடுத்து, தானே அவர் கையில் கட்டிவிட்டாள். பெரிசு எங்கே என்று கேட்டேன். "அதைப் பெரியப்பான்ர வீட்டுச் சுவரில கொழுவி விட்டாச்சு மாமா."

பெரிசாக்கித் தாங்கோ

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ரவுணில் வீடு கட்டிக் கொடுக்கிற கொன்ராக்டர் ஒருவர் தன் அப்பாவின் மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். முப்பத்துமூன்று மில்லிமீற்றர், அருமையான சாமான். "அப்பான்ர ஞாபகமா நான் கட்டப்போறன். ஆனா எனக்கு இது காணாது. பெரிசாக்கித் தாங்கோ" என்றார். புளிக்க வைத்தால் பொங்க இது தோசை மா இல்லை, அப்படியே கட்டுங்கோ என்றேன். கோபித்துக்கொண்டு போனார்.

வேறு எங்கேயோ செய்வித்திருக்கிறார். திரும்பி வந்தபோது கூடவே அவருடைய அம்மாவும் வந்தா. பெரிய தாச்சிக்கு நடுவில் ஒற்றை முட்டையைப் பொரித்தது போல, அகன்ற கூட்டுக்குள் அந்தச் சின்ன முகம் பசை போட்டு ஒட்டிக் கிடந்தது. பசை உள்ளே இறங்கி ஓட்டம் நின்றுவிட்டது. பழைய கூடு எங்கே என்று கேட்டேன். எறிந்துவிட்டார்களாம். அம்மா கடைக்கு வெளியே, படகுகள் கட்டுகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருந்தா.

அந்தப் பசையைக் கழுவி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கழிவுச் சாமான் பெட்டியைக் கிண்டி, அதே அளவில் இன்னொரு பழைய கூடு தேடிப் பூட்டினேன். ஓடியது. முகத்தில் விழுந்த கீறலை மட்டும் என்னால் எடுக்க ஏலவில்லை. வாங்க வந்த அன்று அம்மா அதைக் காதில் வைத்துக் கேட்டா. கன நேரம் கேட்டா. மகன் கட்டுவதற்காகக் கையை நீட்டினார். அம்மா மணிக்கூட்டைத் தன் கைப்பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினா. "அவர் இருக்கேக்க அவரின்ர சொல்லை நீ கேக்கேல்லை மகன். மணிக்கூட்டையாவது அவர் விட்டபடி விட்டிருக்கலாம்."

ஆக, ஒரு கைக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிக்கக் கண்பார்வை போதும், ஆனால் ஆட்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கிற நினைப்புக்கு அளவாக இதுவரை எந்தத் தேசத்திலும் மணிக்கூடு செய்ததாக நான் அறியவில்லை.