ஒகேனக்கல்லில் ஆடு இறங்கும் பாறை

காலிப்பர் போட்டு நடப்பவர்கள் ஒகேனக்கல்லில் பரிசல் ஏற முடியுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியும். 1974 தை மாதம் நான் ஏறியிருக்கிறேன், யாரும் என்னைத் தூக்காமல். அந்தத் ‘தூக்காமல்’தான் இந்தப் பயணத்தின் முழு விஷயமும் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்குகிறேன்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் என் இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து செருப்பு வரை இரும்புக் கம்பியும் தோல் வாருமாக ஒரு காலிப்பர், கையில் ஒரு தடி, இவைதான் என் வாகனம். பாப்பிரெட்டிப்பட்டியில் தையல் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பஸ் படியோ மாட்டுவண்டியோ எது எதிரே வந்தாலும், பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை அள்ளித் தூக்கி வைத்துவிடுவார். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் புடவை எங்கே ஏறுகிறது, கை எங்கே படுகிறது என்பது தூக்குகிறவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். 1973 கிறிஸ்துமஸ் அன்று மாதா கோயில் வாசலில் ஊரே பார்க்க அப்படி ஒரு தூக்கல் நடந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். இனி யாரையும் தூக்க விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் அண்ணி லூர்துமேரி கல்யாணமான புதிதில் அண்ணனோடு ஒகேனக்கல் போய்ப் பரிசலில் ஏறியவள். வருஷம் முழுக்க அந்தப் புராணம்தான். தையில் என்னையும் வரச் சொன்னாள். யாராவது தூக்கித்தான் ஏற்றவேண்டும் என்று வந்தால் கரையோடு திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி, தர்மபுரியில் பஸ் மாறினோம். அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் நாற்பத்தாறு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றரை ரூபாய்க்குள் என்று ஞாபகம். பஸ்ஸில் ஏற எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன்: முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறுவது. கண்டக்டர் கை நீட்டினார். அண்ணி ஒரு பார்வை பார்த்ததும் விசில் ஊதப் போய்விட்டார். பென்னாகரம் தாண்டினால் மலை இறக்கம், வளைவுக்கு வளைவு வயிறு புரளும். எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தரை மணிக்குப் பரிசல்துறை. மாதப்பன் என்ற பரிசல்காரர் எங்களிடம் வந்தார், நாற்பது வயதிருக்கும். படித்துறையைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. செங்குத்தான கல்படிகள், வழுக்கும் பாசி. அடியில் முழங்கால் ஆழத் தண்ணீரில் பரிசல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிப்போட வேண்டும். பரிசலைக் கரைக்கு இழுங்கள், அதில் உட்கார்ந்துகொள்கிறேன், அப்படியே தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள் என்றேன். அது ஆகாது என்றார். மூங்கில் பின்னலுக்கு வெளியே தோல் போர்த்திய பரிசல் அது. தண்ணீரில் மிதக்கும் முன் ஆள் பாரம் ஏறினால் கல் பட்டுத் தோல் கிழிந்துவிடுமாம். பிறகு, நான் எதிர்பார்த்தது வந்தது.

“நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. நான் தூக்கி உள்ள வெச்சிடறேங்க.”

வேண்டாம் என்றேன். அண்ணி என் காதருகே குனிந்தாள். “ஏன்டி, இவ்ளோ தூரம் வந்துட்டு? கண்ண மூடிக்கோ, ஒரு நொடி.” தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். ஆசை இல்லாமல் இல்லை.

அப்போதுதான் இருபது முப்பது கெஜம் தள்ளி ஒரு பரிசல் வந்து ஒதுங்கியது. அக்கரையிலிருந்து பென்னாகரம் சந்தைக்கு வந்த ஆடுகள். தட்டையான ஒரு பாறை, அதை ஒட்டியே நல்ல ஆழம். பரிசலின் விளிம்பும் பாறையும் ஒரே மட்டத்தில் நின்றன. பாறையிலிருந்து பரிசலுக்குள் சாக்கு விரித்திருந்தார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாக, வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வருவதுபோல் நடந்து வந்தன. ஒன்றைக்கூட யாரும் தூக்கவில்லை.

“அங்க ஏறிக்கறேன்” என்றேன்.

மாதப்பன் முகம் சுருங்கியது. “அது ஆடு ஏத்தி எறக்கற எடங்க. பொம்பளைங்கள அங்க கூட்டிட்டுப் போனா மரியாதையா இருக்குங்களா?”

அவருக்கு அந்தப் பாறை தெரியாமல் இல்லை. என்னை அவமானப்படுத்தக் கூடாது என்றே சொல்லாமல் இருந்திருக்கிறார்! “என்னத் தூக்கறதவிட அது மரியாதைதாங்க” என்றேன். அண்ணியும் சேர்ந்துகொண்டதும் மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே பரிசலைத் துழாவி அங்கே கொண்டுபோனார்.

பாறை வரை மணலில் தடியை ஊன்றி நடந்தேன். பாறையில் உட்கார்ந்தேன். காலிப்பரின் இரும்பு முனை பரிசலின் தோலைக் குத்தாதிருக்க மாதப்பன் இன்னொரு சாக்கை மடித்துப் போட்டு, பரிசலைப் பாறையோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையை ஊன்றி நகர்ந்தேன், அவ்வளவுதான். உள்ளே இருந்தேன். ஆட்டுப் புழுக்கை நாற்றம் மூக்கைத் துளைத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அருவிச் சாரல் முகத்தில் அடித்தபோது சத்தமாகவே சிரித்தேன். அண்ணிதான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இனிப் போகிறவர்களுக்கு: ஆடிப் பெருக்கை ஒட்டிப் போகாதீர்கள், வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். தையும் மாசியும் நல்லது. மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள், எங்கள் காலத்தில் அது கிடையாது. பரிசலில் உட்கார்ந்ததும் காலிப்பர் வார்களை அவிழ்த்துவிடுங்கள், தண்ணீரில் விழுந்தால் இரும்பு கீழே இழுக்கும். எந்த ஊருக்குப் போனாலும் வாசல் படியைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இங்கே மூட்டை எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேளுங்கள். மூட்டைக்கு எப்போதும் ஒரு சுலபமான வழி இருக்கும், ஏனென்றால் அதைச் சுமப்பவருக்கு முதுகு வலிக்கும். பின்னாளில் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாய்தளம் கேட்டு அலைந்தபோதெல்லாம் இந்தப் பாறையைத்தான் சொல்லிக் கேட்டேன்.

நான்கு வருஷம் கழித்து மறுபடி போனேன். நேரே பாறைக்குத்தான். அங்கே எனக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது: நிறைமாதப் பெண் ஒருத்தி, முழங்காலில் துணி கட்டிய பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு அம்மா. பரிசலில் மாதப்பன் சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆடுகளோடு நின்றவர் பொறுமையிழந்து கத்தினார்.

“ஒங்களுக்குத்தான் அங்க படி கட்டி வெச்சிருக்குதில்லீங்க? எங்க பாறைக்கு எதுக்கு வர்றீங்க?”