கொக்கு ரெக்கார்டும் கூடக் கேட்ட சிகாமணியும்

தெய்வசிகாமணி வீட்டு பீரோவில் இரிடியம் இருப்பதாக மரக்காணத்தில் முதலில் சொன்னவர் திண்டிவனம் பஸ் கண்டக்டர். அவருக்குச் சொன்னவர் புதுச்சேரியில் கூரியர் மூட்டை இறக்கும் அவருடைய மச்சான். மச்சான் கண்ணால் பார்த்தாரா என்றால், இல்லை. சதுரமாக, தட்டையாக, அமெரிக்க ஸ்டாம்ப் ஒட்டிய அட்டைப்பெட்டி அடிக்கடி வருகிறது, மேலே 'தெய்வசிகாமணி, ஹபீப் அத்தர் கடை, கோட்டக்குப்பம்' என்று எழுதியிருக்கிறது, உள்ளே கறுப்பாக, வட்டமாக என்னவோ இருக்கிறது. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பஸ் பெருமுக்கல் தாண்டுவதற்குள் அந்த வட்டம், அசல் இரிடியத்துக்கு அடையாளமாகச் சொல்வதுபோல், அரிசியைத் தன்பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. மரக்காணத்தில் இறங்கும்போது அதற்கு ஒரு மந்திரி விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

"ஏம்பா சிகாமணி, ஊட்ல அரிசி மூட்டை எல்லாம் வச்ச இடத்துலயே இருக்குதா?" என்று டீக்கடை பலராமன் கேட்டபோது, வேறு ஆளாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். சிகாமணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நாலு பேர் தன் பீரோவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"இரிடியம் இல்லப்பா. ரெக்கார்டு. ஜாஸ்."

"அது யாரு?"

"யாரும் இல்ல. மியூசிக். பெரிய ஆளுங்க கேக்குறது."

"அப்ப நீ எதுக்குக் கேக்குற?"

பலராமன் கேட்டதில் தப்பில்லை. சிகாமணியின் அப்பா அளத்தில் உப்பு வாரியவர். சிகாமணி பிளஸ் டூவில் கணக்கைக் கோட்டைவிட்டு, ஏஜென்ட்டைப் பிடித்து பஹ்ரைன் போய், ஒரு ஹோட்டல் பாரில் தட்டு ஏந்தினான். அந்த பாரில் சாயங்காலமானால் நாலு கிழவர்கள் வந்து பியானோவும் சாக்ஸபோனும் வாசிப்பார்கள். சிகாமணி பாட்டைக் கவனிக்கவில்லை. கவனித்தது ஒன்றுதான்: அதுவரை கத்திக்கொண்டிருந்த பணக்காரர்கள், அந்தக் கிழவர்கள் வாசிக்க ஆரம்பித்ததும் குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பில்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தச் சத்தத்தைச் சொந்தமாக்கிக்கொண்டால் நாமும் ஆளாகிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். ஊருக்குத் திரும்பி உப்பு லாரி ஏஜென்ட் ஆனதும், மிச்சப்பட்டதையெல்லாம் ஆன்லைன் ஏலத்தில் கொட்டத் தொடங்கினான்.

அவனிடம் ரெக்கார்டு பிளேயரும் ஒன்று இருந்தது. வாங்கிய மறு மழைக்காலமே உப்புக்காற்றில் அதன் மோட்டார் துருப்பிடித்து இறுகிவிட்டது. சிகாமணி அதைப் பழுது பார்க்கவில்லை. அவசியமே இல்லை. அவன் வாங்கியவை எல்லாம் கண்ணாடித்தாள் உறை பிரிக்காதவை. உறையைக் கிழித்தால் மதிப்பு பாதியாகிவிடும். கேட்க வேண்டும் என்று தோன்றினால் போனில் கேட்டுக்கொள்வான். அதுவும் முதல் அரை நிமிடம். பிறகு விளம்பரம் வந்துவிடும், அதோடு அவனுக்கும் போதும் என்றாகிவிடும்.

அவன் மனைவி அமுதவல்லி அந்த பீரோவைப் பட்டுப்புடவைக்காக வாங்கியவள். புடவைகள் இப்போது கட்டிலுக்கடியில் சூட்கேஸில் இருந்தன.

"போடாத பாட்டுக்கு பீரோ. கட்டுற புடவைக்குப் பொட்டி. நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்."

"உனக்குத் தெரியாது. கொக்கு ரெக்கார்டுன்னா அமெரிக்காவுலயே கிடைக்காது."

கொக்கு ரெக்கார்டு என்பது அவன் வைத்த பெயர். அமெரிக்காவில் என்றோ இழுத்து மூடப்பட்ட சின்னக் கம்பெனி ஒன்று. ரெக்கார்டின் நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் கறுப்புக் கொக்குதான் அதன் முத்திரை. மொத்தம் வெளிவந்தவை ஏழு. சிகாமணியிடம் ஆறு இருந்தன.

"கொக்குதான் வேணும்னா அளத்துப் பக்கம் போய்ப் பாருங்க. வரிசையா நிக்குது. காசா பணமா" என்றாள் அமுதவல்லி.

இந்தக் கரையோரத்தில் அந்த ஆறு ரெக்கார்டின் அருமை தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: கோட்டக்குப்பம் ஹபீப் முஹம்மது. அதே பஹ்ரைன் ஹோட்டலில், பாருக்கு நேர் கீழே, சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவர். மேலே வாசிப்பது ஏசி குழாய் வழியாகக் கீழே இறங்கும். கிழவர்கள் கடைசியாக வாசிக்கும் ஒரு பாட்டு வந்தால் ஹபீப் இஸ்திரிப்பெட்டியோடு இடுப்பை ஆட்டுவார். அந்தப் பாட்டில் கருகிய சட்டைகளுக்காகச் சம்பளத்தில் பிடித்த கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். இப்போது அத்தர் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஓடுகிற நிலையில் ஒரு பிளேயர். ரெக்கார்டு வந்தால் முதல் வேலையாகப் பல்லால் கடித்து உறையைக் கிழிப்பார். சிகாமணி அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அளத்துத் தெருவுக்குள் கூரியர்காரன் வரமாட்டான். அதனால் சிகாமணியின் பார்சல்களும் ஹபீப் கடைக்கே வந்து, கைமாறி, பஸ்ஸில் அவன் மடியில் உட்கார்ந்து மரக்காணம் போகும். பீரோவுக்குள் போன பிறகு அவை வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை.

ஒரே சாமானுக்கு இரண்டு பேரும் மோதி விலையை ஏற்றிக்கொள்ளக்கூடாது என்று முதலிலேயே ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அந்த யோசனை சிகாமணியுடையது. ஊரில் ஏரி மீன் ஏலமும் புளியமர ஏலமும் அப்படித்தான் நடக்கும். முந்தின நாளே பலராமன் கடையில் உட்கார்ந்து யாருக்கு எது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் ஏலம் விடுகிற அதிகாரி தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு வாய்க்கு மேல் திறக்காது. அந்தப் பேச்சை மீறியவன் ஒரே ஒருத்தன், இருசப்பன். புளியமர ஏலத்தில் அடுத்தவன் முறையில் விலையைக் கூடக் கேட்டுவிட்டான். மரம் அவனுக்குத்தான் கிடைத்தது. கூடவே ஒரு பேரும் கிடைத்தது: கூடக்கேட்டான். அன்றிலிருந்து டீக்கடையில் அவன் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. அந்தப் பேரை முதலில் வைத்ததும், அவன் காதில் விழும்படி கூப்பிட்டதும் சாட்சாத் நம் சிகாமணிதான்.

ஆகவே ஜாஸிலும் முறை வைத்தார்கள். ஒரு ஏலம் இவனுக்கு, அடுத்தது அவருக்கு. சிகாமணி ஆறாவது கொக்கை எடுத்தபோது ஹபீப் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முறை ஹபீபுடையது. அந்த முறையில் ஏழாவது கொக்கு ஏலத்துக்கு வந்தது.

வந்ததோடு நின்றதா? அதன் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுதான் ஹபீபின் இஸ்திரிப் பாட்டு.

"அதேதான்பா! என் சட்டை கருகின பாட்டு!" என்று போனில் குதித்தார். "டாக்டரு என்னா சொன்னாரு தெரியுமா? வலது காது ரிட்டயர்டு ஆயிடுச்சாம். இடதும் இன்னும் கொஞ்ச நாள்தான், அது லீவு லெட்டர் எழுதிக்கிட்டிருக்குதாம். அதுக்குள்ள அந்தப் பாட்டை ரெக்கார்டுல போட்டுக் கேட்டுட்டேன்னா போதும். அப்புறம் மெஹரூன்னிசா திட்டுறது கேக்கலைன்னாலும் பரவாயில்ல."

"உன் முறைதானே பாய். தாராளமா எடு" என்றான் சிகாமணி. சொல்லும்போது அதை மனதாரத்தான் சொன்னான். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தான். ஆறு கொக்குகள் நின்றன. ஏழாவதற்கு விட்டிருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி அவனைப் பார்த்தது. மனதாரச் சொன்னது அதோடு முடிந்தது.

சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் தமிழ்நிலாவுக்கு அந்த ஏலத் தளத்தில் ஒரு கணக்கு உண்டு. கல்லூரியில் படிக்கும்போது வெளிநாட்டுக் கம்மல் வாங்கத் தொடங்கியது. "ஆபீஸ் விஷயமா ஒண்ணு பார்க்கணும்மா, பாஸ்வேர்டு சொல்லு" என்று வாங்கிக்கொண்டான்.

ஏலம் முடிகிற காலை உப்பு லாரிகள் எடைமேடையில் வரிசை கட்டி நின்றன. சிகாமணி ஒரு லாரி நிழலில் ஒதுங்கி நின்றான். ஒரு கையில் தன் போன், காதில். மறு கையில் அமுதவல்லியின் போன், மகளின் கணக்கோடு.

"சிகாமணி! லைன்ல இருக்கியா? எவனோ ஒருத்தன் குறுக்க வந்துட்டான்பா!"

"யாரு பாய்?" என்றபடி சிகாமணி இடது கைக் கட்டைவிரலால் விலையை ஏற்றினான்.

"பேரு தெரியலப்பா, நட்சத்திரம் போட்டு மறைச்சு வச்சிருக்குது. இதோ, மறுபடியும் ஏத்திட்டான்! ஹராமி!"

"அமெரிக்காக்காரனா இருக்கும்."

"அவன் ஊர்ல இந்நேரம் ராத்திரியாச்சே? தூங்காம எனக்குன்னு உக்காந்திருக்கான் பாரு! நமக்குள்ளன்னா பேசி வச்சிருக்கோம். இவன்கிட்ட யாரு போய்ப் பேசுறது?"

"அதானே" என்றான் சிகாமணி. கட்டைவிரல் மறுபடி இறங்கியது.

"சொல்லுப்பா. இன்னும் கேக்கவா, விடவா? நீ சொன்னா சரி."

லாரி டிரைவர் ஒருவன் ஹாரன் அடித்தான். சிகாமணி அவனைக் கண்ணாலேயே அடக்கினான்.

"விட்டுடு பாய். அவன் விடமாட்டான். மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

"மூஞ்சிய நீ எங்கப்பா பார்த்த?"

"அது... கேக்குற தினுசுல தெரியாதா?"

ஹபீப், "சரி, போவட்டும். நமக்கு நசீப் இல்ல. நீ கூட இருந்தது ஒரு தெம்புப்பா" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிகாமணி ஆறுதல் சொல்லக் கோட்டக்குப்பம் போனான். துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். ஹபீபின் மனைவி மெஹரூன்னிசா பிரியாணி போட்டாள்.

"அண்ணே, அந்த ரெக்கார்டு இன்னொரு தடவ வருமா? மனுஷன் சோறே சரியா திங்க மாட்டேங்குறாரு."

"வரும்மா. எங்கயாவது ஒண்ணு இருக்கும். எடுத்த பாவி வச்சுக் கேக்கவா போறான்?" என்றான் சிகாமணி. அதில் மட்டும் பொய்யில்லை. கேட்டு வாங்கி இரண்டாம் தட்டும் சாப்பிட்டான்.

பிறகு பார்சல் வர வேண்டிய காலம். மகள் கணக்கு என்பதால் அது சென்னைக்குத்தான் போகும், அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். சிகாமணி பீரோவின் தட்டைத் துடைத்தான். ஈரம் படாதிருக்க புதுத் துணியில் அரிசியை முடிந்து வைத்தான். அரிசியும் இழுக்கப்படாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏழு கொக்கையும் வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்து எங்கே போடுவது, ஹபீப் கண்ணில் படாமல் எப்படிப் போடுவது என்பதுதான் அவனுக்கு மிச்சமிருந்த கவலை.

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பலராமன் கடையில் டீயை வாயில் வைத்தபோது தமிழ்நிலா கூப்பிட்டாள்.

"அப்பா, என் பேருக்கு ஏதோ பார்சல் வந்திருக்குதாம். அமெரிக்காவுலருந்து. டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துது. ஹபீப் மாமா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு."

டீ புரையேறியது.

"ஹபீப் மாமாவா? உன் கணக்குல அவரு கடை அட்ரஸ் எப்படிம்மா வந்துச்சு?"

"நீங்கதானேப்பா போட்டுக் குடுத்தீங்க? நம்ம தெருவுக்குக் கூரியர் வராதுன்னு. கம்மல் வாங்குனப்ப. மறந்துட்டீங்களா? அப்பா? அது என்னா பார்சல்?"

சிகாமணி வைத்துவிட்டான்.

முதலில் அவன் நினைத்தது நண்பனை அல்ல, கண்ணாடித்தாள் உறையை. ஹபீபின் பற்களை. பெட்டியைப் பார்த்த மனுஷன் பிரிக்காமல் இருப்பாரா? சதுரப் பெட்டி, அமெரிக்க ஸ்டாம்ப், சுங்கச் சீட்டில் ரெக்கார்டு என்று எழுத்து, மேலே தமிழ்நிலா தெய்வசிகாமணி என்று பேர். நட்சத்திரம் போட்டு மறைத்த பேர் முழுசாகத் தெரிந்திருக்கும்.

பிறகுதான் ஹபீப் நினைவுக்கு வந்தார்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. 'உனக்காகத்தான் எடுத்தேன் பாய், சர்ப்ரைஸ்' என்று சொல்லிவிடலாம். ஹபீப் நம்புவார். அழக்கூடச் செய்வார். ஆனால் அப்படிச் சொன்னால் கொக்கு போய்விடும், பீரோவில் ஓட்டை அப்படியே இருக்கும். 'என்னோடதுதான், குடு' என்றால் கொக்கு வரும், ஹபீப் போய்விடுவார். அவர் போனால் அந்த ஏழு கொக்கையும் கொண்டுபோய்க் காட்ட இந்தக் கரையில் உப்பும் கொக்கும் தவிர வேறு யார்? சிகாமணியின் மூளை மூன்றாவதாக ஒன்று தேடியது. உனக்குத்தான் பாய், ஆனா என் பீரோவுலயே இருக்கட்டும், உன் கடையில அத்தர் வாசனை ஏறிடும் என்று சொன்னால்? சொல்லிப் பார்த்தான். அவனுக்கே வாய் கூசியது. கூசினாலும் அதை மனதில் ஓர் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

ஹபீபின் எண்ணை அழுத்தினான். அவர் காலர் ட்யூனாக வைத்திருந்த நாகூர் பாட்டு ஒலித்தது. முழுசாக ஒலித்து அடங்கியது. மறுபடி அழுத்தினான்.

"யாருக்குப்பா இவ்ளோ நேரம்?" என்றான் பலராமன். "மந்திரியா?"

சிகாமணி போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார இடம் தேடினான். எல்லா பெஞ்சிலும் ஆள் இருந்தது, கடைசி பெஞ்சைத் தவிர. அதில் இருசப்பன் தனியாக பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். சிகாமணியை நிமிர்ந்து பார்த்தான். டம்ளரோடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

சிகாமணி உட்காரவில்லை. நின்றபடியே மூன்றாவது தடவை அழுத்தினான். கோபத்தில் எடுக்கவில்லையா, காது கேட்காமல் எடுக்கவில்லையா, இல்லை உறையைக் கடித்துக் கிழித்துவிட்டு, பிளேயர் பக்கத்தில் இடது காதை வைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டிருப்பதால் எடுக்கவில்லையா? எடுத்ததும் எதைச் சொல்வது என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. நாகூர் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.