செருப்புக் காவல்காரியும் ஒரு பனிமலையும்

இன்று மதியம் கடையில் ஒருவருடைய ஆதார் கார்டை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து வீடியோ கால்!

அவனுக்கு ஜெர்மனியில் வேலை. லீவுக்கு ஆபீஸ் நண்பர்களோடு ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போயிருக்கிறான். திரை முழுக்க ஒரே வெள்ளை. (இங்கே தருமபுரியில் என் ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசுகிறது!)

"அக்கா, போர்டப் பாரு. நீலம் போட்ட சரிவு புதுசா கத்துக்கறவங்களுக்கு. சிவப்பு கொஞ்சம் தேறினவங்களுக்கு. கருப்புல போனா நேரா சொர்க்கம்தான்!"

"நீ எதுலடா?"

"நான் நீலத்துக்கே இன்னும் பாஸ் ஆவலக்கா. கொழந்தைங்களோட விட்டுருக்காங்க."

சொல்லி முடிப்பதற்குள் தொபுக்கென்று விழுந்தான். மூக்கொழுகும் வாண்டு ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு சர்ரென்று போனது. நான் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கோணலாக விழுந்தது.

அப்போதுதான் பார்த்தேன். அவன் பின்னால், சரிவில், ஒரு பெண் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்தாள்! நாற்காலி மாதிரி ஒன்று. அதன் அடியில் சறுக்குக் கட்டை. பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் கால்கள் அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"டேய், போனை அந்தப் பக்கம் திருப்புடா!"

என்னைத் தெரியாதவர்களுக்கு: சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு என் கால்கள் போய்விட்டன. வீல்சேர்தான்.

தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் படியேறுவார்கள். நான் அடிவாரத்தில் செருப்புக்கும் பைகளுக்கும் காவல்! அம்மா மேலேயிருந்து பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வருவாள்.

"மேல எப்பிடிம்மா இருக்கு?"

"காத்து அப்பிடி வீசுதுடி!"

(காற்றைப் பாட்டிலில் பிடிக்க முடியாதே!)

அந்த நாற்காலியைப் பற்றி விசாரிக்கத் தம்பி அங்கிருந்த டிக்கெட் கவுண்டருக்கு ஓடினான். (நடுவில் இன்னொரு முறை விழுந்தான்.)

"அக்கா, உக்காந்து போறதுலயும் நீலம், சிவப்பு எல்லாம் இருக்காம். உங்க அக்காவுக்கு மெதுவா போவணுமா, வேகமா போவணுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"கால்ல என்னாச்சு?" என்று கேட்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. வேகம் பிடிக்குமா என்று என்னை இதுவரை யாருமே கேட்டதில்லை!

"வேகம்னு சொல்லுடா!" என்று கத்தியேவிட்டேன்.

ஆதார் கார்டுக்காரர் மிரண்டு போய், "மெதுவாவே போடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார்.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. வீடியோவில் பார்த்தது போதாது எனக்கு. முகத்தில் காற்று அறைய அறைய அந்தச் சரிவில் நான் இறங்க வேண்டும். ஒரே ஒரு தடவையாவது.

"நெசமாவே வரட்டுமாடா? வூட்டுல விடுவாங்களா?"

"அம்மாகிட்ட நான் பேசறேன். நீ மேல போக்கா. இந்தத் தடவ கீழ உக்காந்து நான் செருப்பு பாத்துக்கறேன்."

நண்பர்களே, தருமபுரியில் நல்ல கம்பளிக் கையுறை எந்தக் கடையில் கிடைக்கும்?