தொட்டில் விளம்பரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிற அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடிக்காரம்மா என்றே பெயர் ஆகிவிட்டது. நல்ல வாயாடி. அழுமூஞ்சியாக வந்தவர்கூடச் சிரித்துக்கொண்டுதான் படியிறங்குவார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துக் கரு தங்கியது. ஐந்தாம் மாதம் அது கலைந்ததும் அவள் வாய் அடைத்துப்போயிற்று.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா? வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஆசை ஆசையாகத் தொட்டிலும் குட்டிச் சட்டையும் தேடியிருந்தாள். 'குக்கீகளை ஏற்கிறீர்களா?' என்று எந்தத் தளம் கேட்டாலும் படிக்காமலே சரி, சரி என்று தட்டியிருந்தாள். வந்துபோனவரை அடையாளம் வைத்துக்கொள்ள அந்தத் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் குறிப்புகள்தான் குக்கீகள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அந்தக் குறிப்புகளை வைத்து, இப்போது செய்தி படிக்கப் போனாலும் ஓரத்தில் விளம்பரமாகத் தொட்டில் ஆடியது. 'ஆறாம் மாதத் தாய்க்குச் சலுகை' என்றது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாற்போல் இருக்கும். மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அந்த விளம்பரத்தை அவனும் பார்த்துவிட்டான். கூட வேலை செய்பவனிடம் விசாரித்து, குக்கீகளை ஒன்று விடாமல் அழித்தான். இனி எந்தத் தளமும் குக்கீ வைக்கக் கூடாதென்று மொத்தமாகத் தடையும் போட்டான். அவளிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. கரு ஏன் கலைந்தது என்று பார்த்த பரிசோதனையின் முடிவு அவர்கள் தளத்தில் இருக்கிறதாம். கடவுச்சொல்லைப் போட்டாள். 'குக்கீகளை அனுமதித்தால்தான் உள்ளே நுழைய முடியும்' என்று அது திரும்பத் திரும்ப வெளியே தள்ளியது. புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இதுல என்ன பண்ணி வெச்சீங்க?"

தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"நீ அதைப் பாத்துப் பாத்து வேகறது எனக்குத் தாங்கலம்மா."

"அன்னிக்கும் இப்படித்தான். பிள்ளையை எனக்குக் காட்டாமலே எடுத்துட்டுப் போகட்டுமான்னு நர்ஸ் கேட்டாங்க. நீங்க தலையாட்டினீங்க. இன்னிக்கு இதுவும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "எங்க இருக்குன்னு மட்டும் காட்டறேன். எதை விடணும், எதைத் தடுக்கணும்னு நீயே சொல்லு."

அமைப்புகளைத் திறந்து காட்டினான். ஒரு வரி விடாமல் படித்தாள். ஆஸ்பத்திரித் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். மற்றவற்றுக்குத் தடை இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளே விட்டாள்.

தளம் திறந்தது. கருவிலேயே கோளாறு, தாயிடம் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே, பெண் சிசு.

அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க அவளைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"விரலெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நீள விரல். உன்னை மாதிரி."

"ஏங்க இத்தனை நாள் சொல்லல?"

"நீ கேக்கல. எனக்கும் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அவள் அவன் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான். அழுது ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்க" என்றாள்.