கம்பளத்தின் அடியில் கடல் மணல்

சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து, போர்ட் பிளேரில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். கூரையை மடித்துவிடலாம். விற்ற செல்வம் தெற்கே கடைசித் தீவிலுள்ள கேம்பல் பேயில் வேலை பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர், எங்கள் மதுரைப் பக்கத்துக்காரர். இங்கே ஊர்க்காரர் வண்டியை யாரும் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை. அது மரியாதைக் குறைவு.

“வண்டி ஏக்தம் டீக் இருக்குண்ணே, ஒரு குறையும் இல்ல. சுனாமிக்கு அப்புறம்தான் கப்பல்ல வந்துச்சு,” என்றார்.

மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நின்றது. துணிக் கூரை ஒழுகுகிறது என்று ஓரத்து ரப்பரை மாற்றினேன். பிறகு கூரையையே மாற்றினேன். அப்போதும் நின்றது.

ஒரு நாள் சௌல்தாரி இறக்கத்தில் மகளோடு வரும்போது, என் சீட் தரையைப் பிய்த்துக்கொண்டு பின்னால் சாய்ந்தது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. ஸ்டியரிங்கில் தொங்கியபடியே வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தினேன். இருவருக்கும் அடியில்லை.

கம்பளத்தைத் தூக்கினேன். தரைத் தகடு அப்பளமாக நொறுங்கியது. தண்ணீர் வடியும் துளைகளைக் கடல் மணலும் பொடிச் சிப்பிகளும் அடைத்திருந்தன. கடலில் மூழ்கி எழுந்த வண்டி அது.

செல்வத்துக்குப் போன் செய்தேன். மறுக்கவில்லை.

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களாண்ணே?”

அந்தக் குரலில் வெட்கம்கூட இல்லை.

இப்போது யார் வண்டியானாலும் முதலில் கம்பளத்தைத் தூக்கி, துளைகளில் விரலை விட்டுப் பார்க்கிறேன். விற்பவர் என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டால், சீட்டையும் கழற்றச் சொல்கிறேன்.