பூட்டிய வீடுகளுக்கும் கூழ் ஊற்றியவர்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைந்து, இன்று அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருடைய வீட்டுக்கு அம்மா கூழ் ஊற்றியிருக்கிறார். பலருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

அம்மா பிறந்தது வடக்கனந்தலில், கூலி வேலை செய்த குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டு வந்தது கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மேட்டுக்கொட்டாய்க்கு. சுதந்திரத்துக்குப் பிறகு, நிலமில்லாத சில குடும்பங்கள் கல் பொறுக்கி, முள் வெட்டி, குடிசை போட்டு உண்டாக்கிய இடம் அது. ஊர் என்று சொல்வதே பெரிய பேச்சு. ரோடு கிடையாது. மழை பெய்தால் ஓடை வழியை மறித்துவிடும். அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடையில் வெள்ளம். வடியட்டும் என்று காத்திருந்தபோதே, இந்தக் கரையிலேயே அப்பா போய்விட்டார். நானும் தம்பியும் அப்போது விவரம் அறியாத பிள்ளைகள். அம்மா கரும்பு வெட்டியும் மரவள்ளி பிடுங்கியும் எங்களை ஆளாக்கினார்.

எங்கள் கொட்டாயில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு வீட்டுக் கூழும் கோயில் கொப்பரையில் சேர வேண்டும். ஒரு வீடு குறைந்தாலும் தீபாராதனை கிடையாது. அதுவும் அங்கேயே குடியிருப்பவர் அங்கேயே காய்ச்சியதாக இருக்க வேண்டும். வேறு ஊருக்கு வாழப்போன பெண், பிறந்த வீட்டுக்காக ஊற்றக் கூடாது.

பிறகு கிணறு வற்றியது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். முதலில் மாமா ஒருவர் குடும்பத்தோடு கருணாபுரத்துக்குக் கூலி வேலை தேடிப் போனார். அந்த ஆடியில் என்ன செய்வதென்று பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அம்மா இன்னொரு குடத்தோடு வந்தார்.

"பூட்டின வூட்டுக்கு நான் ஊத்தறேன். வூடு அங்கியேதான கீது? வேற இன்னா வேணும்?"

பெரியவர்கள் கொப்பரைக்கு வழிவிட்டார்கள். அதற்குப் பின் கேரளா, பெங்களூர் என்று வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. தம்பியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். போனவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அங்கே இருந்து எதைத் தின்பது?

அம்மாவின் வாய் சும்மா இருக்காது. கூழ் துழாவிக்கொண்டே, வீட்டைப் பூட்டிப் போன ஒருவனை, "போனானே கட்டையில போறவன், ஒரு போன் பண்றானா பாரு" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே, "அவன் பொண்டாட்டி உப்பு ஜாஸ்தி போடுவா" என்று அந்த வீட்டுக் குடத்துக்கு மட்டும் இன்னொரு கை உப்பு அள்ளிப் போடுவார்.

"எல்லாம் ஒரே கொப்பரையிலதானம்மா கலக்கப் போவுது?" என்பேன்.

"கலந்தா கலக்கட்டும். அந்த வூட்டுக் கூழு அந்த வூட்டுக் கூழா இருக்கணும்டி."

உடம்பு தளர்ந்த பிறகு, நான் வாழப்போன நைனார்பாளையத்தில் என் வீட்டோடு வந்து இருக்கும்படி எத்தனையோ முறை கெஞ்சினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் வந்துட்டா நம்ம வூட்டுக்கு யாருடி ஊத்துவா?"

போன வருஷம் சித்திரையில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். "ஆடிக்கு இன்னும் எவ்ளோ நாளு கீது?" என்று கேட்டபடியே இருந்தார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வேறு என்ன செய்ய முடிந்தது?

அம்மா இல்லாத ஆடியும் வந்தது. கொட்டாயில் அடுப்பு எரிந்தது அத்தை வீட்டில் மட்டும்தான். அப்பாவின் தங்கை அவர், கொட்டாயிலேயே வாழ்க்கைப்பட்டவர். கண் சரியாகத் தெரியாது. குடம் குடமாகத் தடவித் தடவிக் கொண்டுவந்து ஊற்றினார். கடைசிக் குடம் ஒன்று மிச்சம் இருந்தது.

"அத்த, இது யாரு வூட்டுக்கு?"

"இன்னாடி கேள்வி இது? உங்க வூட்டுக்குதான். பூட்டிக் கெடக்குதில்ல."

தூக்கக் கை கொடுக்கப் போனேன். "நீ தொடக் கூடாதுடி, தள்ளிக்கோ" என்றார். தானே மூச்சு வாங்கத் தூக்கினார். "கெட்டியா காய்ச்சிக்கினு வந்துகீறேன். தண்ணியா இருந்தா உங்கம்மா திட்டுவா."

நான் கோயில் வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அம்மாவுக்கு ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வாடகை வாங்காமல் ஆட்டோ ஓட்டியவருக்கும், பாடைக்குத் தோள் கொடுக்கத் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அத்தைக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார், ஆனாலும் சொல்கிறேன்.

வருகிற ஆடிக்கும் அத்தை ஊற்றுவார். அதற்கடுத்த ஆடியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அத்தை வீட்டிலும் பூட்டு விழுந்தால், அந்த வீட்டுக்கு ஊற்ற அங்கே யாரும் இல்லை.