உப்பு லாரியை எடுக்க மாட்டேன்

மரக்காணத்தில் ஈ.சி.ஆரும் உப்பளத்து ரோடும் சேருமிடத்தில் ரவுண்டானா கட்ட முடிவானது. அங்கே வண்டிகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுச் சொல்லும் வேலை, சென்னையில் நான் இருந்த அலுவலகத்துக்கு வந்தது. சொந்த ஊர்ப்பெண் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

மாடலில் ஏற்கெனவே இருந்த எண்கள் வெளிநாட்டு டிரைவர்களுடையவை. கோட்டில் நின்று, சுற்றும் வண்டிக்கு வழிவிட்டு, இடைவெளி பார்த்து நுழைகிறவர்கள். அந்த எண்களோடு மாடலை ஓட்டினால் எந்தப் பக்கமும் தாமதமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

புதுச்சேரிப் பக்கம் ஏற்கெனவே இருந்த ஒரு ரவுண்டானாவில் கேமரா வைத்துப் படமெடுத்தேன். பைக்குகள் கையகல இடைவெளியில் நுழைந்தன. பாரம் ஏற்றிய லாரி அசைவதற்குள் அடுத்த கார் குறுக்கே வந்துவிட்டது. அந்த இடைவெளிகளை மாடலில் போட்டேன். திரையில் உப்பளத்துப் பக்கம் முழுக்க நெரிசலின் சிவப்பு ஏறிவிட்டது.

மேனேஜர் திரையைப் பார்த்தார். "ஏம்மா, உப்பு லாரி சீசன்ல மட்டும்தானே ஓடுது? அத எடுத்துட்டு ஓட்டு. எல்லாம் சரியாயிடும்."

"எடுக்க மாட்டேன் சார்."

"ரிப்போர்ட் நாளைக்குப் போவணும்."

"போவட்டும். என் பேர் இல்லாம போவட்டும்."

என் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். அந்த லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோவில்தான் வீடு திரும்புகிறாள். அதனால்தான் பிடிவாதம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். கேமராவுக்கு அம்மா கிடையாது.

லாரி இல்லாத ரிப்போர்ட்தான் போனது. நெடுஞ்சாலை அதிகாரியின் கூட்டத்தில் மேனேஜர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். "சார், ரெண்டு நிமிஷம் குடுங்க." புதுச்சேரிப் படத்தை ஓடவிட்டேன். பக்கத்திலேயே அதே ரவுண்டானாவுக்கு லாரி உள்ளது, லாரி எடுத்தது என்று இரண்டு மாடல்களையும் ஓடவிட்டேன். ஒன்று படத்தைப் போல இருந்தது. மற்றது வேறு ஏதோ தேசம்.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உப்பளத்துப் பக்கம் இன்னொரு லேன் குடுத்தா?"

"ஓட்டிப் பாத்துட்டேன் சார். தாமதம் நல்லா கொறையுது."

லேன் கிடைத்தது. அடுத்த வாரமே மேனேஜர் என்னைப் பார்க்கிங் கணக்கெடுக்கும் வேலைக்கு மாற்றினார். வெயிலில் நின்று எண்ணினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ரவுண்டானா திறந்த பிறகு, சீசனில் போய்ப் பார்த்தேன். லாரிகள் நகர்ந்தன. ஆனால் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தன. திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் எண்களையும் திருத்தி அதிகாரிக்கு அனுப்பினேன்.